அடுப்பு பற்றாத ஐந்து மாதம்

நான் குண்டாகத்தான் இருந்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு முன்பும் ஒல்லி கிடையாது. மகளைப் பெற்று, வலையபட்டியில் என் ஆத்தா வீட்டில் ஏழு மாதம் இருந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியபோது கல்யாண ரவிக்கை ஒன்றுகூடக் கையில் ஏறவில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் மாமியார் சொன்ன முதல் வார்த்தை இது:

"நம்ம வீட்டு நிலைவாசல் பெருசா இருக்கப் போயி நீ உள்ள வந்துட்டே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. நானே சிரித்துவிட்டதால் அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் பினாங்கில் வேலை பார்த்தார். மகள் வயிற்றில் நான்கு மாதமாக இருந்தபோது கப்பலேறியவர். மகள் முகத்தைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். அவளுக்கு மூன்று வயதாகும்போது, ஓர் ஆடி மாதம், தை பிறந்ததும் வருகிறேன் என்று கடிதம் எழுதினார். மாமியார் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு வருஷம் கழிச்சு வாரான். இப்புடியேவா போய் முன்னாடி நிக்கப் போறே? டாக்டர்ட்ட போவோம்."

இது அறுபதுகளின் கடைசியில். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எடை குறைக்க வாரம் ஓர் ஊசி வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அது நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாது. படித்தவர்கள் சொல்லட்டும். போடப் போகிறவர்களை நான் கேட்பது ஒன்றுதான். எழுதிக் கொடுத்த டாக்டர் உன் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாரா? என் டாக்டர் பார்க்கவில்லை.

அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார். பேசியதெல்லாம் மாமியாரிடம்.

"கவலைப்படாதீக ஆச்சி. காலையில வெறும் வயித்துல ஒண்ணு. பசி எடுக்காது, அவ்வளவுதான். தன்னால இளைச்சிரும்."

"உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்று கேட்டேன்.

"என்ன பண்ணும்? சுறுசுறுப்பா இருப்பீக."

அவ்வளவுதான் பரிசோதனை. கம்பவுண்டர் ஒரு காகிதக் கவரில் மாத்திரையைப் போட்டுக் கொடுத்தார். பாதி கறுப்பு, பாதி பச்சை.

எங்கள் வீடுகளின் ஒரு வழக்கத்தைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அவனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்றுதான், அடுப்பு வேறு. வீட்டின் பின்பக்கம், இரண்டாம் கட்டு என்கிற பகுதியில், வரிசையாக அடுப்படிகள் இருக்கும். வருஷத்துக்கு வேண்டிய நெல்லும் சாமானும் கொடுத்துவிடுவார்கள். அதை வைத்து அவரவர் பொங்கி அவரவர் சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று அடுப்பு. மாமியாருடையது ஒன்று, வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டியான என் ஓரகத்தியுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. ஓர் அடுப்பில் என்ன வேகிறது என்று இன்னொரு அடுப்புக்காரி எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. ஓர் அடுப்புக்காரியின் பிள்ளை அடுத்த அடுப்படியில் போய் நின்று சோறு கேட்பது அதைவிடக் கேவலம். பேச ஆரம்பிக்கும்போதே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். நானும் என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

சண்டை வராமல் இருப்பதற்கு நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருத்தி சாப்பிடாமல் கிடந்தால் கேட்க நாதி கிடையாது என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆவணியில் மாத்திரையை ஆரம்பித்தேன். பொய் சொல்ல மாட்டேன், முதல் மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பசி என்று ஒன்று இருந்ததே மறந்து போயிற்று. சோற்றைப் பார்த்தால் மண்ணைப் பார்ப்பது போல இருந்தது. கை கால் ஓயவில்லை. சாமான் அறையில் எனக்கு வந்த சீர்ச் சாமான் அத்தனையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் என்று வளவு முற்றம் முழுக்க வெயிலில் பரப்பிக் காயவைத்தேன். அதை அடுக்கி முடித்ததும் மறுபடி இறக்கினேன். மாமியாருடைய சாமானையும் தேய்த்தேன். தூண்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தேன். வளையல் மணிக்கட்டில் நிற்காமல் கழன்று விழுந்தது.

"இப்பத்தான் மருமக மாதிரி இருக்கா" என்று மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஒருநாள் என் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, "செலவே இல்ல. சிக்கனமா இருக்கா" என்றும் சொன்னார். பானையில் அரிசி இறங்கவில்லை என்றால் ஒரு பெண்பிள்ளையும் ஒரு குழந்தையும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல்.

புரட்டாசி முடியப் போகும் சமயம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். முற்றத்தில் உட்கார்ந்து ஓர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஓரகத்தி என் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"ஏத்தா, இன்னைக்கும் உன் அடுப்பு பத்தலையா?"

நான் நிமிர்ந்தேன். "என்னக்கா?"

"புள்ள என் அடுப்படி வாசல்ல வந்து நிக்கிது. கேக்கவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது."

"இன்னைக்கும்னா?"

அவள் அண்டாவைப் பார்த்தாள். "பத்துப் பதினஞ்சு நாளா நாந்தான் ரெண்டு வாய் ஊட்டி விடுறேன். உன் அடுப்பு பத்தலைன்னு நான் எந்த வாயால சொல்றது? வெளில தெரிஞ்சா என்ன பேச்சுப் பேசுவாக? மாமியா காதுல விழுந்தா உன்னைத் தொலைச்சிரும்."

என்ன நடந்திருந்தது என்றால் இதுதான். எங்கள் அடுப்பு எரிந்ததெல்லாம் என் பசியால். எனக்குப் பசித்தால் உலை வைப்பேன், பிள்ளைக்கும் போடுவேன். எனக்குப் பசி செத்துப்போனதும் அடுப்பும் செத்துப்போயிற்று. காலையில் ஒரு டம்ளர் பால் கொடுத்திருப்பேன். பிறகு பாத்திரத்தோடு உட்கார்ந்துவிடுவேன். நேரம் போனதே தெரியாது. பிள்ளை இரண்டு முறை வந்து புடவையை இழுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இருடி, இந்த ஒண்ணை முடிச்சுட்டு வாரேன்" என்றேன். அந்த ஒன்று முடியவே முடியாது. அந்த மாத்திரையின் குணம் அது. அவள் மூன்றாவது முறை இழுக்கவில்லை. அடுத்த அடுப்படிக்குப் போனாள். கேட்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்ததால் கேட்காமல் நின்றாள்.

நான் அன்றே மாத்திரையை நிறுத்தினேன். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. தலையைத் தூக்கினால் கல்லைக் கட்டியது போல இருந்தது. இரண்டு நாள் சுருண்டு கிடந்தேன். எதற்கென்று தெரியாமல் அழுதேன். மாமியார் வாசலில் நின்று பார்த்தார்.

"பழைய எருமை திரும்பி வந்துருச்சா? தை வரைக்காவது பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாதா?"

மூன்றாம் நாள் அவரே மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து பக்கத்தில் நின்றார். முழுங்கினேன். அரைமணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். எழுந்து உட்கார்ந்ததற்காக அந்த மாத்திரை மேல் எனக்கு நன்றி வந்தது. அந்தப் பொறியைப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. தின்றால் பிள்ளை பட்டினி, தின்னாவிட்டால் எழுந்து பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட முடியாது.

நெஞ்சு அடித்தது. மாடிப்படி ஏறினால் அடி காதில் கேட்டது. தூக்கம் அறவே போயிற்று. தாடையை இறுக்கிக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப்பல் ஒன்று ஓரத்தில் உடைந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் இன்னொரு மாத்திரை எழுதினார்.

"இது தூங்கறதுக்கு. காலையில அது, படுக்கையில இது."

"அதை நிறுத்திடலாமான்னு கேட்டேன் டாக்டர்."

"நிறுத்தினா ஊதிருவீக. அப்பறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

எழுப்புவதற்கு ஒன்று, படுக்கவைப்பதற்கு ஒன்று. என் உடம்பு செய்ய வேண்டியது என்று எதுவும் மிச்சமில்லை. வலையபட்டிக்குப் போய் ஆத்தாவிடம் சொல்லலாம் என்றால் மாமியார் சொல்லாமல் கிளம்ப முடியாது. ஆத்தாவே ஒருநாள் பார்க்க வந்தது. என்னைப் பார்த்துவிட்டு, "நல்லா கொடி மாதிரி ஆயிட்டே" என்று கன்னத்தை வழித்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். "மாப்பிள்ளை வந்து போற வரைக்கும் பொறுத்துக்க. மாமியாளைப் பகைச்சுக்காத" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த சீப்புச்சீடையைப் பேத்தி கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று.

பிள்ளைக்காக நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பின் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. காலை மணி அடித்தால் உலை வைப்பது, மத்தியான மணி அடித்தால் பிள்ளையை உட்காரவைத்துப் போடுவது, சாயங்கால மணி அடித்தால் பலகாரம். கையில் எந்த வேலை இருந்தாலும் மணி கேட்டால் போட்டுவிட்டு எழ வேண்டும் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். என் வயிறு பள்ளிக்கூடத்தில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரகத்தி வேறு ஏதோ கேட்பது போல என் வாசலுக்கு வந்து, "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டுவிட்டுப் போவாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். போய் அடுப்பைப் பற்றவைப்பேன்.

மார்கழி நடுவில் பள்ளிக்கூடத்துக்குப் பத்து நாள் லீவு விட்டார்கள். ஓரகத்தியும் அப்போது பார்த்துத் தன் ஆத்தா வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தப் பத்து நாளில் என் மகள் எத்தனை வேளை சாப்பிட்டாள் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஒருநாள் அவளைக் காணோம் என்று தேடினேன். ஓரகத்தியின் அடுப்படி பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். கீழே உட்காரக்கூட இல்லை.

தை பிறந்து ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் வந்தார். தொந்தியோடு வந்தார். யாரும் நிலைவாசலைப் பற்றிப் பேசவில்லை. மகள் பயந்து அப்பத்தா புடவைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இளைச்சிருக்கே. ஆத்தா எழுதினது சரிதான்" என்றார். பெட்டியைத் திறந்தார். எல்லோருக்கும் துணிமணி, சென்ட், பிஸ்கட். எனக்கு ஒரு சேலையும் இரண்டு டப்பாவும். டப்பாவைத் திறந்தேன். உள்ளே மாத்திரை.

மாமியார் செய்த வேலை அது. இங்கிருந்து பினாங்குக்குப் போன யாரோ ஒருவரிடம் என் மாத்திரையில் ஒன்றைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்துவிட்டிருக்கிறார். உள்ளூர்ச் சரக்கே இப்படி வேலை செய்தால் சீமைச் சரக்கு எப்படிச் செய்யும் என்று அவர் கணக்கு. எங்கள் ஆட்களுக்குத் தைலமோ தாழ்ப்பாளோ, கப்பலில் வந்தால்தான் மனசு ஆறும்.

"அங்குட்டு ஒரு டாக்டர்ட்ட காட்டி, சீட்டு எழுதி வாங்குனேன்" என்றார் பெருமையாக. "இது கொஞ்சம் கூடுதல் வேகமாம். ரெண்டு வருஷத்துக்கு வரும்."

இரண்டு வருஷம். டப்பாவை மூடி வைத்தேன். ஐந்து மாதம் பேசாததெல்லாம் தொண்டைக்கு வந்தது. ஆனால் அழுதால் காரியம் நடக்காது என்று தெரியும்.

"நீங்க ஒண்ணு முழுங்கிப் பாத்தீகளா?" என்றேன்.

"எனக்கு எதுக்கு?"

"உங்களுக்குந்தான் தொந்தி இருக்கு. மூணே நாளு முழுங்குங்க. ஒண்ணும் ஆகலைன்னா நான் ஆயுசுக்கும் முழுங்குறேன். இல்லைன்னா நான் தொட மாட்டேன்."

மாமியார் முகம் சிவந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார். "பொம்பளைக முழுங்குறது, எனக்கு என்ன பண்ணிரும்?" என்று மறுநாள் காலையில் என் எதிரிலேயே வாயில் போட்டுக் காப்பியைக் குடித்தார்.

அன்று மத்தியானம் மாமியார் அடுப்பில் அவருக்கு விருந்து. நாட்டுக்கோழிக் குழம்பு, உப்புக்கறி, வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி. விடிந்ததிலிருந்து மாமியார் அடுப்பை விட்டு நகரவில்லை. மூன்று வருஷத்துச் சோற்றை ஒரே இலையில் வைத்தார். மகன் உட்கார்ந்தார். ஒரு பணியாரத்தைப் பிய்த்தார். வைத்தார். குழம்பை விரலால் தொட்டார்.

"என்ன ராசா, ஆத்தா கை மறந்து போச்சா?"

"இல்ல ஆத்தா, எறங்க மாட்டேங்குது."

"காரமா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு. எறங்கலை."

இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்று முழுவதும் வளவில் நடந்தார். பினாங்குக் கதையைப் பேசினார். பேசி முடித்ததையே மறுபடி பேசினார். பெட்டியில் இருந்த சட்டைகளை எல்லாம் எடுத்து மடித்தார். மடித்ததைக் கலைத்து மடித்தார். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒவ்வொன்றும் தெரிந்த நடை. அடுத்து என்ன செய்வார் என்றுகூடச் சொல்லியிருப்பேன். கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சந்தான்.

இரண்டாம் நாளும் வீம்புக்கு முழுங்கினார். சாப்பாடு அன்றும் இறங்கவில்லை. சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். மாமியார் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "எம் புள்ள ரெண்டு நாளா ஒரு வாய் திங்கலையே" என்று தலையில் அடித்துக்கொண்டார். டாக்டருக்கு ஆள் ஓடியது. அதே டாக்டர். கார் வைத்துக்கொண்டு வந்தார்.

வந்ததும் பையைத் திறந்து குழாயை எடுத்து என் வீட்டுக்காரர் நெஞ்சில் வைத்தார். டாக்டரிடம் அப்படி ஒன்று இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முன்னால் வைத்தார், முதுகில் வைத்தார், கையைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"இதை யாரு முழுங்கச் சொன்னா? நெஞ்சு இந்த அடி அடிக்கிது. உடனே நிறுத்தணும். வெளையாட்டா இது?"

நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. வெளியே வந்து எல்லோர் முன்னாலும் நின்றேன்.

"அதே மாத்திரைதான் டாக்டர். நீங்க எனக்கு அஞ்சு மாசமாக் குடுக்குறது. எனக்கும் இந்த அடிதான் அடிக்கிதுன்னு சொன்னேன். தூங்கறதுக்கு ஒண்ணு குடுத்தீக."

"பொம்பளைகளுக்கு அளவு வேற" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் குழாயைச் சுருட்டினார்.

என் வீட்டுக்காரர் ஊஞ்சலில் இருந்து என்னைப் பார்த்தார். "அஞ்சு மாசமா இப்புடியா இருந்துச்சு?" என்று கேட்டார். வந்ததிலிருந்து அவர் என்னைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு டப்பாவையும் மாமியாரே கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டினார். "எம் புள்ள சோத்துல மண்ணைப் போட்ட சனியன்" என்று திட்டிக்கொண்டே கொட்டினார். என் சோற்றைப் பற்றியோ என் மகள் சோற்றைப் பற்றியோ அன்றைக்கும் ஒரு வார்த்தை வரவில்லை, அதற்குப் பிறகு அவர் செத்துப்போகும் வரைக்கும் வரவில்லை. அவர் மகன் இரண்டு நாள் சாப்பிடாததால்தான் எனக்கு விடுதலை வந்தது. அது எனக்குத் தெரியும். அதற்காக வேண்டாம் என்று சொல்லவா முடியும்?

நிறுத்தியதும் பழையபடி விழுந்தேன். இந்தத் தடவை யாரும் எருமை என்று சொல்லவில்லை, மகன் வீட்டில் இருந்தார் அல்லவா. ஒன்பது நாளோ பத்து நாளோ கிடந்தேன். அதுவரை மகளுக்கு, ஊரிலிருந்து திரும்பியிருந்த ஓரகத்தி சோறு போட்டாள், இப்போது ஒளிக்காமல் போட்டாள்.

பிறகு ஒருநாள் காலையில் வயிற்றைக் கிள்ளியது. முதலில் வலி என்றுதான் நினைத்தேன். பிறகு தெரிந்தது. மணி அடிக்கவில்லை, பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நேரம் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் சாம்பல்கூட இல்லை, எறும்பு ஊர்ந்தது. துடைத்துவிட்டு விறகு வைத்துப் பற்றவைத்தேன். கஞ்சி கொதித்தது. நின்றபடியே ஊதி ஊதி ஒரு கரண்டி குடித்தேன். நாக்கு சுட்டது.

திரும்பிப் பார்த்தால் வாசலில் மகள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை. கேட்கவும் இல்லை. ஓரகத்தி அடுப்படியில் எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள்.

"வாடி" என்றேன்.

அவள் அசையவில்லை.

"இது நம்ம அடுப்புடி. உள்ள வா. இங்க கேக்கலாம்."

என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். பிறகு ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தாள்.